பறிக்கக் கூடாத வரிசை

அந்த வயலில் பாதிக்கு மேல் நாடா கட்டியிருந்தது. சாலையில் பள்ளம் தோண்டினால் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கட்டுவார்களே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் நாடாதான். நாடாவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வெண்டைச் செடிகளில் காய் பறிக்கலாம். அந்தப் பக்கம் பறிக்கக் கூடாது. பறிக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவள் வேலி தாண்டி வந்த திருடி இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரி. விதைத்தவள், களை எடுத்தவள், தண்ணீர் பாய்ச்சியவள்.

ஊரில் அவளுக்குப் பெயர் போட்டோக்கா. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நிற்கும் பெரிய விளம்பரப் பலகையில் கூடையும் கையுமாக அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே 'நீடித்த வேளாண்மை, நிறைந்த வாழ்வு' என்று எழுதியிருந்தது. படம் எடுக்க வந்தவன் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக் கேட்டு வாங்கிய சிரிப்பு அது. அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"ஏன் போட்டோக்கா, பலகையில பல்லெல்லாம் தெரியுது, நேர்ல ஒரு பல்லைக் காட்ட மாட்டேங்கிற?" என்பார்கள் நிறுத்தத்தில் நிற்பவர்கள்.

"பலகைக்கு முதுகு வலிக்காதுப்பா" என்பாள் அவள். சொல்லிவிட்டு நிற்க மாட்டாள். நின்றால் இன்னும் நாலு கேள்வி வரும்.

அவள் மருந்தடிப்பதை விட்டது எந்தத் திட்டத்தைப் பார்த்தும் இல்லை. ஒருநாள் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே வரிசைக்கு நடுவில் சாய்ந்துவிட்டாள். அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருந்தார். சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லையே என்று தேடி வந்தவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். கண் திறந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "மூச்சுல போனதுக்கே எனக்கு இந்தக் கதின்னா, வயித்துல போறவங்களுக்கு?" எந்தச் சாமியாரும் கனவில் வந்து சொல்லவில்லை. தன் நெஞ்சு படபடத்ததை வைத்து அடுத்தவர் வயிற்றைக் கணக்குப் போட்டாள், அவ்வளவுதான். படித்தவர்கள் இதைப் பகுத்தறிவு என்பார்கள். அவளுக்கு அது கூட்டல் கணக்கு.

அன்றைக்கு விட்டவள் அப்புறம் மருந்தைத் தொடவில்லை. முதல் வருஷம் பூச்சி பாதியைத் தின்றது. இரண்டாம் வருஷம் அக்கம்பக்கம் சிரித்தது. அவள் சாண எருவும் இலைமக்கும் போட்டு, வரிசையை மாற்றி மாற்றி நட்டு, பூச்சியோடு மல்லுக்கட்டி, மெல்ல மெல்ல மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக்கொண்டாள். வயல் நிமிர்ந்து நின்ற நேரத்தில்தான் அரசாங்கம் திட்டத்தோடு வந்தது. ரசாயனத்தை விட்டு மாறுகிறவர்களுக்கு வேலி, மோட்டார், சொட்டுநீர்க் குழாய், விவசாயிகள் சந்தையில் கடை.

அவள் போய் நின்றபோது திட்ட அலுவலர் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க ஏற்கெனவே மாறிட்டீங்களேம்மா. இது மாறப்போறவங்களுக்குத்தான்."

"அப்ப நான் போயி ஒரு தடவை மருந்து அடிச்சிட்டு வரட்டுமா சார்?"

அலுவலர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் வயல்காட்டில் வளர்ந்தவர்தான். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஏதோ ஒரு விதைப் பொட்டலம் இருக்கும். யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் வயலை மாதிரிப் பண்ணை ஆக்கிவிடலாம். மாதிரிக்கு இந்த நிபந்தனை கிடையாது. அவளோடு இன்னும் ஐந்து பெண்கள் சேர்ந்து குழுவாகக் கையெழுத்துப் போடுவார்கள். மாதிரி நல்லபடி நடந்தால் அடுத்த சுற்றில் அந்த ஐந்து பேருக்கும் மோட்டார், குழாய் எல்லாம். ஐந்து வருஷ ஒப்பந்தம். அந்த ஐவரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். ஊரில் வெடி என்று பெயர் எடுத்தவள். திரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் வெடித்துவிடுவாள்.

வேலி வந்தது. மோட்டார் வந்தது. ஆடுமாடு உள்ளே வருவது நின்றது. கை ஓய வாளி தூக்குவது நின்றது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். அரசாங்கப் பணம் என்பது ஊரார் வரிப்பணம். அது வயலுக்கு வந்து சேர்ந்தால் வயல் வாழும். வந்தது, வாழ்ந்தது.

பிறகு அவள் ஒரு தப்புச் செய்தாள்.

திட்டத்தின் தலைமை அதிகாரி முதன்முதலாக வயலைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலைப் பெருக்குகிறோம், நல்ல விரிப்பை எடுத்துப் போடுகிறோம். அவளும் அதைத்தான் செய்தாள். சாலையோர வரிசை ஒன்றில் காயைப் பறிக்காமல் விட்டுவைத்தாள். வெறும் செடியைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, காயும் பூவுமாகப் பார்க்கட்டும் என்று.

தலைமை அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். விரல் நீளத்துக்கு வெண்டைக்காய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. "அருமை" என்றார். படம் எடுத்தார்கள். போகும்போது திட்ட அலுவலரிடம், "இந்த வரிசை இப்படியே இருக்கட்டும். அடுத்து வர்றவங்களும் பார்க்கணும்" என்றார். மறுநாள் நாடா வந்தது.

அடுத்து வந்தவர்கள் ஒரு வரிசை போதவில்லை என்றார்கள். படத்தில் வயல் நிறைந்து தெரிய வேண்டுமாம். இரண்டானது, நாலானது, பாதி வயலைத் தாண்டியது. வயல் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நகரத்திலிருந்து காரில் வந்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வாரம் ஒரு கூட்டம் வந்தது. ஆயிரம் வயலுக்குச் செய்ய வேண்டியதை ஒரு வயலுக்குச் செய்துவிட்டு, அதை ஆயிரம் படம் எடுப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

வெண்டை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது காத்திருக்கிற காய் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். விட்டால் நார் பாயும், தோல் தடிக்கும், உள்ளே விதை முற்றும். விதை முற்றிவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று நினைத்துப் பூக்கிறதை நிறுத்திவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது செடியிலேயே தொங்கிக்கொண்டு கறிக்கு உதவாமல் போன வெண்டைக்காய். நாடாவுக்குள் நின்ற செடிகள் மாட்டுக்கொம்பு போல முற்றிய காய்களைத் தூக்கிக்கொண்டு, பூவற்று, படத்துக்கு மட்டும் நின்றன.

"சார், இதைப் பறிச்சு விட்டாத்தானே மேல காய்க்கும்?" என்று அலுவலரிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்கம்மா என்னை வெண்டைக்காய் பறிக்க விட்டுத்தான் வளர்த்தாங்க."

"அப்புறம்?"

"தெரிஞ்சு என்ன பண்றது? மேல இருக்கிறவருக்குக் காய் தெரியணும்."

தெரியாதவனிடம் வாதாடலாம். தெரிந்தவனிடம் என்ன வாதாடுவது?

விவசாயிகள் சந்தையும் அப்படித்தான். பெரிய வளைவு, வழவழப்பான மேடைகள், நூறு கார் நிறுத்த இடம். ஊருக்கு வெளியே வட்டச்சாலையில் நிலம் சும்மா கிடந்தது என்று அங்கே கட்டிவிட்டார்கள். அந்த வழியாகப் பேருந்து கிடையாது. காய் வாங்குகிறவர்கள் பேருந்தில் போகிறவர்கள். காரில் போகிறவர்கள் குளிரூட்டிய கடையில் வாங்குகிறவர்கள். சந்தையில் இருந்ததெல்லாம் விற்கிறவர்களும் இரண்டு காவலாளிகளும். நெடுநேரம் ஒருவருக்கொருவர் விலை சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள், வாய் துருப்பிடிக்காமல் இருக்க.

அந்தச் சந்தைக்கு ஒருநாள் கனமான ஓர் ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். "இங்க பஞ்சர் கடை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"இங்க பஞ்சர் ஆக வண்டியே வராதுங்களே" என்றாள் போட்டோக்கா.

அவர் சிரித்துக்கொண்டே கை போன போக்கில் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். டக் என்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தார். டக். முகம் மாறியது. அவர் அரசு மருத்துவமனையின் தலைமைச் சமையல்காரர். மொத்த வியாபாரி அனுப்புகிற காயில் பாதி ஒடியாது, வளையும் என்றார். நோயாளிகளுக்குப் போடுகிற காயை விவசாயிகளிடமே நேரடியாக வாங்கலாம் என்று புது உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல், மருத்துவமனை அடுப்புக்குப் போதுகிற அளவு காய் தருகிற ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.

"உன் வயலை வந்து பார்க்கட்டுமா தங்கச்சி?"

அன்று வீடு திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த ஒரு வாடிக்கை கிடைத்தால் போதும். ஆளில்லாத மேடையில் காயை அடுக்கி வைத்துக்கொண்டு வாடுவதைப் பார்க்க வேண்டாம். திட்டம் இருந்தாலும் போனாலும் வயல் தன் காலில் நிற்கும். அதற்கு முழு வயலும் காய்க்க வேண்டும். முழு வயலும்.

சமையல்காரர் சொன்னபடி வந்தார். வந்தவர் நேராக நாடாப் பக்கம்தான் போனார். சாலையிலிருந்து அதுதானே கண்ணில் படும். ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். ஒடியவில்லை. வளைந்தது, நார் நாராகக் கிழிந்தது.

"இதைப் போட்டா நோயாளி எழுந்து வந்து என்னை அடிப்பான்" என்றார்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்கண்ணா, பார்க்கிறதுக்கு."

"வெண்டைக்காயில பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவள் பின்பக்கம் அழைத்துப் போய்ப் பறிக்கிற வரிசைகளைக் காட்டினாள். டக், டக் என்று ஒடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வரப்பில் நின்று வயலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"காய் தங்கம். ஆனா இது பத்தாது. அந்த முன்வரிசையெல்லாம் முத்தினதைப் பறிச்சுப் போடு. மறுபடி பூக்கும். ஒரு வாரம் பொறுக்கிறேன், அதுக்கு மேல என்னால முடியாது. பழைய வியாபாரிக்கே சொல்லிட வேண்டியதுதான்."

அவர் போன மறுகணம் அவள் கூடையை எடுத்துக்கொண்டு நாடாவுக்குள் குனிந்தாள். குனிந்தவள் நிமிர்வதற்குள் வேலிக்கு வெளியே வண்டி நின்றது. திட்ட அலுவலர்.

"கை வைக்காதீங்கம்மா. பெரிய குழு வருது. இந்த வாரமே. நிதி ஒதுக்குறவங்க. இவங்க பார்த்துத் தலையாட்டினாத்தான் அடுத்த சுற்று."

"எனக்கு ஆஸ்பத்திரி வாடிக்கை வருது சார். உங்க திட்டத்துலயே எழுதியிருக்கே, நேரடியா விக்கலாம்னு."

"எழுதியிருக்கு. யாரு இல்லேன்னா?" அவர் குரல் தாழ்ந்தது. 'அம்மா' போய் 'அக்கா' ஆனது. "அக்கா, மொட்டைச் செடியைக் காட்டி நான் எப்படிக்கா நிதி கேட்பேன்? அவங்க இறங்கி நிக்கப்போறது கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்துக்கு அஞ்சு பேரோட மோட்டார் தொங்குது."

அந்த ஐந்து பேரும் சாயங்காலமே வந்துவிட்டார்கள். யார் சொன்னார்களோ. நாத்தனார்தான் முன்னால் நின்றாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்காரன் வந்தானாமே?"

"வந்தாரு."

"உனக்கு வேலி இருக்கு, மோட்டாரு இருக்கு, குழாய் இருக்கு. ஊரு பூரா உன் போட்டோ இருக்கு. நாங்க ரெண்டு வருஷமா வாளி தூக்குறோம். இந்தா பாரு." வெடி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காய்த்துப்போயிருந்தது. "எங்க முறை வர்றப்போதான் உனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருதா?"

"நான் உங்களுக்கு எதிரா என்னடி பண்ணினேன்? என் செடியில நான் காய் பறிக்கக் கூடாதா?"

"பறி. அவங்க வந்துட்டுப் போனதும் பறி."

"போனதும் பறிச்சா அது பூத்துக் காய்க்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரி கை விட்டுப் போயிடும்."

அவள் கேட்டதும் நியாயம், அவர்கள் கேட்டதும் நியாயம். மேலே இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சுகம் வேறு இல்லை. கொடுக்க வேண்டியதைப் பாதி கொடுத்து நிறுத்தி வைத்தால் போதும். வாங்கினவளும் வாங்காதவளும் தங்களுக்குள்ளே கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கொடுக்காதவன் கழுத்து பத்திரம்.

அவர்கள் போன பிறகு அவள் முன்னறையில் தரையில் உட்கார்ந்தாள். தையல்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மெஷின் சத்தத்தில் வளர்ந்த காது, எதையும் விடாது.

"எந்தப் பக்கம் போனாலும் சுவரு" என்றாள்.

"அவங்களுக்குச் செடியில காய் இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"பொத்தான் பிஞ்சு போன சட்டையைக் கொண்டு வந்து குடுக்கிறாங்க. அதே பொத்தானையா தேடறேன்? வேற பொத்தான் தைச்சு அனுப்புறேன். போட்டுக்கிறவனுக்கே தெரியாது."

அவள் சிரிக்கப் போனாள். பாதிச் சிரிப்பில் நின்றாள். அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்னவர், அவள் பார்வையைக் கண்டதும் ஊசியை எடுத்துக் கீழே வைத்தார்.

"ஏய், நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா கேக்கல."

மறுநாள் விடிந்ததும் அவள் நாடாவைத் தாண்டிப் போய் முற்றிய காய் அத்தனையையும் ஒடித்து எருக்குழியில் கொட்டினாள். செடிகளுக்கு நீர் விட்டாள். பிறகு நாத்தனார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே சொன்னாள்: "பறிச்சுட்டேன். கத்தாதே, முதல்ல கேளு."

வெடி கேட்டாள். கேட்டு முடித்ததும் வெடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குழு வருகிற நாள். வெளிச்சம் வந்ததும் வராததுமாக ஆறு பெண்களும் தையல்காரரும் வயலில் இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து அப்போதுதான் பறித்த பிஞ்சு வெண்டைக்காய்கள் கூடையில் இருந்தன. தையல்காரர் நூல்கண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இலைப் பச்சை. காம்புக்கு இன்னும் கொஞ்சம் வெளுத்த பச்சை வேணும்."

"மாப்பிள்ளை சட்டையா தைக்கிற? கட்டுண்ணே!" என்றாள் வெடி.

"வேலைன்னா வேலை" என்றார் அவர். இலைக்காம்பு தண்டோடு சேருகிற கக்கத்தில், காய் இயல்பாக நிற்கிற கோணத்தில், ஒவ்வொன்றாக வைத்து முடிச்சுப் போட்டார். பொத்தானுக்குப் போடுகிற முடிச்சு. துணி கிழிந்தாலும் அவிழாது. பெண்கள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வெயில் ஏறுவதற்குள் முன்வரிசை முழுவதும் காய்த்துக் குலுங்கியது. பிறந்ததிலிருந்து மண்ணோடு கிடந்தவள் போட்டோக்கா. காயைச் செடியிலிருந்து எடுத்த விரல்களால் செடியில் காயைக் கட்டும்போது அவளுக்கு ஏதோ கூசியது. மருத்துவமனை வாடிக்கையை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கார்கள் வந்தன. திட்ட அலுவலர் முதலில் இறங்கி ஓடி வந்தவர், முன்வரிசையைப் பார்த்து மூச்சு விட்டார். பிறகு கிட்டே போய்ப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து போட்டோக்காவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். ஒரு காய் லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வயல்காட்டுப் பிள்ளையின் விரல்களால் அந்த முடிச்சை இறுக்கிவிட்டார்.

தலைமை அதிகாரி நிதிக்காரர்களுக்கு விளக்கினார். மண் என்றார், உயிர் என்றார், தலைமுறை என்றார். உற்சாகம் ஏறி, "நானே ஒண்ணு பறிக்கிறேன்" என்று கேமரா பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே ஒரு காயைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். செடி வில்லாக வளைந்து அவர் கூடவே வந்தது. தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாட்டு ரகம் சார்" என்றார் திட்ட அலுவலர். "பிடிமானம் அதிகம்."

"பார்த்தீங்களா!" தலைமை அதிகாரி காயை விடாமலே நிதிக்காரர்களைப் பார்த்தார். "ரசாயனம் போட்ட செடியில இப்படி ஒட்டுமா?"

ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். வெடி வாயில் துணியைத் திணித்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் பின்னால் ஓடினாள். அலுவலர் முடிச்சை ஒட்டிக் காயை ஒடித்து அதிகாரியின் கையில் கொடுத்தார். காம்பு மட்டும் நூலில் ஆடிக்கொண்டு நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்கள் யாருமே எதையும் பார்க்கவில்லை, கேமராதான் பார்த்தது.

அடுத்த சுற்று நிதி கிடைத்தது. ஐந்து மோட்டாரும் வந்து இறங்கின. வெடியின் வயலில் முதல் தண்ணீர் பாய்ந்தபோது அவள் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். முற்றிய காயைப் பறித்துவிட்ட செடிகள் மறுபடி பூத்தன. சமையல்காரர் முழு வயலையும் பார்த்துவிட்டு, ஒடித்துப் பார்த்துவிட்டு, "நாளையிலேர்ந்து வண்டி அனுப்புறேன் தங்கச்சி" என்றார். கேட்ட வாடிக்கை கிடைத்துவிட்டது. கதை இங்கே முடிந்திருக்கலாம்.

ஆனால் அலுவலர் இன்னொரு நாடாச் சுருளோடு வந்தார். தலைமை அதிகாரிக்கு வயல் மிகவும் பிடித்துவிட்டதாம். இனி வாரத்தில் மூன்று நாள் பார்வையாளர்கள். வயல் முழுவதும் காட்சிப் பகுதி.

"முழுசுமா?"

"முழுசும்தான்க்கா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பிடிமானத்தைப் பார்க்கணும்னுதான் எல்லாரும் கேக்கிறாங்க."

"சார், நான் விலகிக்கிறேன். வேலியை எடுத்துக்கோங்க, மோட்டாரையும் எடுத்துக்கோங்க. எனக்கு ஆஸ்பத்திரி போதும்."

"உங்களோடது மட்டும்னா நானே எழுதிக் கொடுத்துடுவேன்." அவர் நாடாச் சுருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "குழுவாப் போட்ட கையெழுத்துக்கா. மாதிரி இல்லேன்னா குழு இல்ல. அந்த அஞ்சு மோட்டாரும் திரும்பப் போயிடும்."

தூரத்தில் வெடியின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. போட்டோக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தடவை ஏமாற்றிவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஏமாற்று நன்றாக இருக்கிறது, அதையே வேலையாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

"கட்டுங்க" என்றாள். அவரும் கட்டினார்.

இப்போது அவளுக்கு இரண்டு விவசாயம். விடியலில் நாடாவுக்குள் புகுந்து மருத்துவமனைக்குப் பறிக்க வேண்டும். பார்வையாளர் வருகிற நாளில், பறித்ததில் ஒரு பங்கை எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும். வெயில் ஏறினால் கட்டிய காய் வாடிவிடும், ஆகையால் அவர்கள் தாமதமாக வந்தால் மறுபடி கட்ட வேண்டும். கட்டியதெல்லாம் அன்றே குப்பை. ஐந்து பெண்களும் முறை வைத்துக்கொண்டு வந்து கட்டிக் கொடுத்தார்கள். வராமல் இருக்க முடியாது, அவரவர் மோட்டார் அவரவரை அனுப்பி வைத்தது. தையல்காரர் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். சட்டை கேட்டு வந்தவர்கள் முன்னறையில் காத்திருந்தார்கள்.

மருத்துவமனை வண்டியின் ஓட்டுநர் புதிதாக வந்தவர். கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர், வரிசைகளுக்குள் குனிந்து நிற்கும் பெண்களைப் பார்த்தார். கையில் நூல், பல்லிடுக்கில் நூல், மடியில் வெண்டைக்காய். கொஞ்ச நேரம் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? விவசாயம்" என்றாள் வெடி, நூலைக் கடித்து அறுத்துக்கொண்டு. "ஒரு தடவை காய்ச்ச காய் மறுபடி மறுபடி காய்க்குதுல்ல, அதுக்குப் பேரு நீடித்த விவசாயம்."

பெண்கள் சிரித்தார்கள். ஓட்டுநரும், புரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தார். போட்டோக்கா சிரிக்கவில்லை. நெடுஞ்சாலையில் முதல் கார் வேகம் குறைத்துத் திரும்புவது தெரிந்தது. இன்னும் ஒரு வரிசை பாக்கி இருந்தது.

"சீக்கிரம் கட்டுங்கடி" என்றாள்.